ரைஸ்மில் வளைவில் அவர் முகம்

ஏழு பத்து பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. ரைஸ்மில் மதில் தொடங்குகிற இடத்தில் அமுக்கியவன் வளைவு திரும்பி முடிகிறவரை கையை எடுக்கவில்லை. உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்த உலகம்மாள், வாயருகில் கொண்டுபோன காப்பி டம்ளரை அப்படியே நிறுத்தினாள். இது மூன்றாவது நாள். முந்தாநாள் கேட்டபோது டிரைவர் புதுசு போல என்று நினைத்தாள். நேற்றுக் கேட்டபோது புதுசுக்கு இன்னும் ஊர் பிடிபடவில்லை போல என்று நினைத்தாள். இன்றைக்கு என்ன நினைக்க என்று தெரியவில்லை. வீடு வளைவிலிருந்து நாலாவது வீடு. கல்யாணமாகி வந்த நாள் தொட்டு அந்த ஹார்னோடுதான் அவள் அரிசி களைந்தாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், சண்டை போட்டாள். சண்டையில் வாய்க்கு வந்த நல்ல நல்ல வார்த்தையெல்லாம் ஹார்னில் அமுங்கிப் போயிருக்கிறது, பஸ் போனபிறகு மறுபடி சொன்னால் சூடு இருக்காது, விட்டுவிடுவாள். அப்புறம் மூன்று வருஷமாக அந்தச் சத்தம் இல்லை. வளைவில் எதிரே வருவதைக் காட்டுகிற கண்ணாடி வந்த பிறகு டிரைவர்மார் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார்கள், சின்னதாக ஒரு ‘பாம்’, அவ்வளவுதான், திரும்பிப் போய்விடுவார்கள். அந்த ஒற்றை ‘பாம்’ தனக்கு வைக்கிற வணக்கம் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொள்வார். “கேட்டியா உலகு, சல்யூட்டு.” “ஆமா, எருமை குறுக்க நின்னுருக்கும்” என்பாள் இவள். அவர் போய் இன்றோடு எட்டு நாள். முதல் நாளும் இரண்டாம் நாளும் அழுகை வந்தது, பிறகு வரவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும்போது இவளும் குரல் கொடுக்கிறாள், ஆனால் உள்ளே என்னமோ வயிறு நிறைந்த மாதிரி ஒரு நிதானம். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு, இலையெல்லாம் எடுத்தான பிறகு, பந்தக்காலில் சாய்ந்து உட்கார்ந்தால் வருமே, அது. இதை வெளியே சொன்னால் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். பேச்சி மதினி ஏற்கெனவே ஒரு மாதிரிதான் பார்க்கிறாள்.

பேச்சி மதினி அவருக்கு மூத்தவள், கூடப்பிறந்த அக்கா. பதினாறாம் நாள் விசேஷம் முடிகிறவரை முறை தவறாமல் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள். முறையென்றால் முதல் முறை, புருஷனைக் கொடுத்தவள் பதினாறு முடியாமல் வாசல்படி தாண்டக்கூடாது. இரண்டாவது முறை, அவள் ஒரு வேலையும் தொடக்கூடாது. முதலாவதைவிட இரண்டாவதுதான் உலகம்மாளைக் கொல்கிறது. கை சும்மா இருந்தால் மனசு எங்கேயாவது போய் எதையாவது எடுத்துவைத்துக்கொண்டு உருட்டுகிறது. அடுப்படியில் மதினி வெங்காயத்தைப் பெரிசு பெரிசாக நறுக்குகிற சத்தம் கேட்கிறது. அவருக்கு அப்படி நறுக்கினால் ஆகாது. அவர் பெயர் திரவியம், பஜாரில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை. சாமி படம், கல்யாணப் படம், செத்தவர்கள் படம். ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு சட்டமாவது அவர் அடித்ததாக இருக்கும். கடைக்குப் போகிற வழியில் குழாய் ஒழுகினால் நிற்பார், தெருவிளக்கு பகலில் எரிந்தால் நிற்பார், சாக்கடை மூடி உடைந்து கிடந்தால் வேப்பங்கொப்பு ஒன்றை ஒடித்து அதில் செருகி, ஆட்கள் விலகிப் போகிறார்களா என்று பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். கடை திறக்கப் பத்தரை ஆகிவிடும். சாயங்காலம் உட்கார்ந்து மனு எழுதுவார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. எழுதி எழுதி வீட்டுப் பேச்சிலும் அந்த வாடை ஏறிவிட்டது. “பொருள்: காப்பி. பார்வை: காலையில் ஆறிப்போனதைத் தந்தது தொடர்பாக.” இவள் அடுப்படியில் இருந்தபடியே, “மனு கிடைச்சுது, பரிசீலனையில இருக்கு, பால்காரர் இன்னும் கையெழுத்துப் போடல” என்பாள். ஊருக்கு அலைந்தவர்தான், ஆனாலும் வீட்டுக்கு விருந்தாளியாக இருந்தார் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. இவளுக்கு டைபாய்டு வந்து கிடந்த இருபத்திரண்டு நாளும் கடை பூட்டு. கஞ்சியைக் காய்ச்சி, அதை விசிறியால் வீசி ஆற்றி, ஒரு கரண்டி தான் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார். கல்யாணமான புதுசில் குற்றாலத்துக்குப் போன பஸ் டிக்கெட் இரண்டையும் விரலகலச் சட்டத்துக்குள் போட்டு பீரோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கி எந்தச் சாமி என்று பார்ப்பார்கள்.

ஹார்ன். மறுபடி மனசு அங்கேயே போய் நின்றது. புது டிரைவர் என்றால் ஒரு பஸ்தான் அடிக்கும். நேற்று மத்தியானம் மினிபஸ்ஸும் அடித்தது, செங்கல் லாரியும் அடித்தது. கண்ணாடி உடைந்துவிட்டதா, காக்கா கொத்திவிட்டதா. காக்காவை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த வளைவில் ரைஸ்மில் மதில் ரோட்டை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது, எதிரே என்ன வருகிறது என்று கடைசி நொடி வரைக்கும் தெரியாது. பால்கார இசக்கி சைக்கிளோடு லாரிக்கு முன்னால் போய் நின்றது அங்கேதான், முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் கடையிலிருந்த பீரோக் கண்ணாடி ஒன்றுக்குத் தேக்குச் சட்டம் அடித்து, ஏணி போட்டு ஏறி, வளைவிலிருந்த கரண்ட் கம்பத்தில் கட்டிவிட்டார். நல்ல காரியம்தான். ஆனால் அது நேர்க் கண்ணாடி. காலையில் ஆற்றுக்குப் போகிற பெண்டுகளெல்லாம் நின்று பொட்டைச் சரிசெய்தார்கள், ஆம்பளைகள் மீசையைச் சரிசெய்தார்கள், ஒரே கூட்டம். ஒரு காக்கா தன்னையே பார்த்து எதிரி என்று நினைத்து நாள் முழுக்கக் கொத்தியது. நாலு மணிக்கு மேற்கு வெயில் அதில் பட்டு நேராக டிரைவர் கண்ணில் அடிக்க, பஸ் போய் மைதீனின் டீக்கடைத் தண்ணீர்த் தொட்டியில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை, தொட்டி மட்டும் போனது. மைதீன் வந்து, “அண்ணாச்சி, வளைவுக்குக் கண்ணாடி வைங்கன்னா நீங்க சூரியனையே கொண்டாந்து வச்சிட்டீயளே” என்றார். அன்றைக்கே கழற்றியாயிற்று. அதற்குப் பிறகுதான் இதற்கென்று குவிந்த கண்ணாடி உண்டு என்று விசாரித்து, மனு. ரோட்டு ஆபீஸ் பேரூராட்சியைக் கேள் என்றது, பேரூராட்சி ரோட்டு ஆபீஸைக் கேள் என்றது. இரண்டரை வருஷம், நாற்பத்தொரு மனு. நாற்பத்திரண்டாவதை எழுதும்போது தனிக் கம்பமும் கண்ணாடியும் வண்டியில் வந்து இறங்கின. அன்றைக்கு அவர் பச்சைப்பிள்ளை மாதிரி அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வந்திருந்த ஆபீஸர் அவர் தோளில் கை போட்டு நிற்க, யாரோ போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோதான். அந்தப் போட்டோவைத்தான் ஆவுடை…

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். ஆவுடையப்பன் அவள் மகன், ஒரே பிள்ளை, ஓசூரில் வேலை, காரியத்துக்கு வந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்போனில் ஒரு படம் காட்டினான். அவர் முகம், பெரிய பேனரில், கீழே கொட்டை எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’, அதற்குக் கீழே ‘இமயம் சரிந்தது’. ஐந்தேகால் அடி மனுஷன். இருந்திருந்தால் அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். தனிப் படம் ஒன்று அவருக்குக் கிடையாது, ஊர் முகத்துக்கெல்லாம் சட்டம் போட்டவர் தன் முகத்தை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அதனால் அந்தப் போட்டோவில் ஆபீஸரை வெட்டிவிட்டு இவரை மட்டும் எடுத்திருந்தார்கள். ஆபீஸரின் கை மட்டும் தோளில் மிஞ்சியிருந்தது. வாட்ச் கட்டிய கை. “யார் கையிடா அது?” என்று கேட்டாள். “அது கிடக்கட்டும்மா, முகம் பாரு, எப்பா எப்படி இருக்காவ” என்றான். முகம் நன்றாகத்தான் இருந்தது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. வளைவில் என்று அவன் சொன்னானோ, சொன்ன மாதிரியும் இருக்கிறது. “மதினி,” என்று கூப்பிட்டாள். பேச்சி மதினி கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். “அந்த பேனர எதுல கட்டியிருக்காவ?” “கம்பத்துலதான்ளா. வேற எதுல கட்டுவாவ, ஆகாசத்துலயா.” “எந்தக் கம்பம்?” “வளைவுக் கம்பம். அவன் வச்ச கம்பத்துல அவனையே வச்சிருக்காவ. நான் வரும்போது பாத்தேன், தலையில மாலையெல்லாம் போட்டு, கண்ணு நிறைஞ்சு போச்சு எனக்கு.” “கண்ணாடி?” “எந்தக் கண்ணாடி?” என்றாள் மதினி. அவ்வளவுதான். அவர் முகம் கண்ணாடியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. மூன்று நாளாக.

தெருவில் யாரோ ஒருத்தி, “ஷூவ எங்கடா கழட்டிப் போட்ட, பத்து நாள் லீவுல ஷூவத் தின்னுட்டியா” என்று பிள்ளையை ஏசுவது கேட்டது. காப்பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் இன்றைக்குத் திறக்கிறது. எட்டு நாற்பது பஸ்ஸுக்கும் பள்ளிக்கூட மணிக்கும் இடையில் ஐந்து நிமிஷம்தான், ஐஸ்கூல் பிள்ளைகள் அத்தனையும் அந்த மதிலை ஒட்டித்தான் நடந்து போகும், ஒதுங்க இடமில்லை. ஆவுடை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவிக்கொண்டு வந்தான். இன்றைக்குத் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு நாள். அவர் கடைசியாக எழுதி வைத்திருந்த மனுவை, குளத்துக்கரை தெருவிளக்கு மனுவை, அவனே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறான். அப்பாவின் பையைத் தோளில் மாட்டியிருந்தான். ஒரு நொடி அவரே நிற்கிற மாதிரி இருந்தது. “ஆவுடை, அந்த பேனர் கண்ணாடிய மறைக்குது, அதக் கழட்டச் சொல்லிட்டுப் போ” என்றாள். அவன் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றான். “எம்மா, அது மைதீன் மாமாவும் வியாபாரிக சங்கத்து ஆளுகளும் ஆசையா வச்சது. இத்தன வருசத்துல எப்பாக்கு இந்த ஊரு செஞ்ச ஒரே மரியாத. நான் போயி அவுருங்கன்னு எப்படிச் சொல்ல? மகனே சொன்னா அவுக மூஞ்சி என்னாவும்?” “பஸ் ஹார்ன் அடிக்குதுலா, கேக்கலயா உனக்கு?” “ஹார்ன் அடிச்சா நல்லதுதான, ஒதுங்கிக்கிடுவாவ.” அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. “சரி, சாயங்காலம் வந்து பக்குவமாப் பேசுதேன்.” வாசலில் நண்பன் பைக்கை முறுக்கினான், இவன் ஏறிப் போய்விட்டான். சாயங்காலம். ஆவன செய்யப்படும், உரிய நடவடிக்கை எடுக்கப்படும், பக்குவமாகப் பேசப்படும். தப்பு சொல்ல முடியாது, நல்ல பிள்ளை. அவர் செல்போனும் அவனிடம்தான் இருக்கிறது, மைதீனின் நம்பர் அதில்தான் இருக்கிறது.

மணி எட்டு. மதினியிடம் சொல்லிப் பார்த்தாள். “நீங்களாவது ஒரு எட்டு போயி டீக்கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வாங்க.” “ஆம்பளைக கூடிக் கட்டுனத பொம்பள போயி அவுக்கச் சொல்லவா? அதுவும் செத்தவனுக்கு அக்கா நான். கூடப்பொறந்தவனுக்கு ஒரு படம் இருக்கது இவளுக்குப் பொறுக்கலன்னு சொல்லுவாவளா, சொல்லமாட்டாவளா, நீயே சொல்லு.” சொல்லுவார்கள்தான். சரி, என்று சாய்ந்துகொண்டாள். அவராக இருந்தால் என்ன செய்வார்? மனு எழுதுவார். அனுப்புநர், திருமதி உலகம்மாள், கணவர் பெயர் திரவியம். கணவர் பெயருக்கு முன்னால் ஏதாவது போடவேண்டுமா இனிமேல்? இந்த ரேஷன் கார்டில், பேங்கில், எல்லா இடத்திலும் இனி என்ன போட? அங்கேயே மனு நின்றுவிட்டது. அதைத் தாண்டிப் போக மனசு வரவில்லை, பக்கத்தில் குந்திக்கொண்டது. பெறுநர்? ஊர். பொருள்: என் வீட்டுக்காரர் முகத்தை அப்புறப்படுத்துதல். எழுதுவாளா ஒருத்தி இப்படி. நேற்றுக்கூட ஒரு பெண் வந்து சொன்னாள், “எக்கா, பஸ்ஸ விட்டு இறங்கும்போதே அண்ணாச்சி சிரிச்ச முகமா நிக்காவ, ஊருக்குள்ள வாங்கன்னு கூப்பிடுத மாதிரி இருக்கு.” கேட்டபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஹார்ன் அடித்தால் ஒதுங்குவார்கள் என்று அவன் சொன்னதும் சரிதான். முப்பத்திரண்டு வருஷம் அப்படித்தானே ஒதுங்கினார்கள். இசக்கி ஒருத்தன்தானே. ஒருத்தன்தான். ஹார்ன் அடித்த லாரிதான் அதுவும். இசக்கி மூன்று சக்கர சைக்கிளில் துக்கத்துக்கு வந்திருந்தார், பிணத்தின் தலைமாட்டில் கை ஊன்றி இறங்கி, “நீரு எனக்கு முந்திட்டீரே” என்றார். இசக்கி வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழியும் வளைவுதான்.

அவர் போன காலையும் இதே நேரம்தான். மனுவுக்குப் போகத் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவள் அடுப்படியில் இருந்தாள். “பொருள்: மிளகு ரசம். பார்வை: தங்களின் நேற்றைய வாக்குறுதி” என்று குரல் வந்தது. “இன்னைக்கு உறுதியா உண்டு, போயிட்டு வாங்க” என்றாள். மிளகை அம்மியில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வந்து பார்த்தால், மூன்றாவது பொத்தானில் விரலை வைத்தபடி தலையைச் சாய்த்திருந்தார். மனு நாளும் அதுவுமா தூக்கமா என்று ஏசப்போனாள். பாதி ஏசியும்விட்டாள். அதை நினைத்தால் வருத்தமில்லை. ரசம் பற்றிப் பேசிவிட்டுத்தான் போனார், ஒரு நோவில்லை, ஒருத்தர் கையை எதிர்பார்க்கவில்லை, உண்டு என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு போனார். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? இந்த எட்டு நாளும் அவளைத் தாங்கிக்கொண்டிருப்பது இதுதான் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. குறை வைக்காமல் போன மனுஷன். அவர் பெயரில் குறை இல்லை. யோசனை அந்த இடத்துக்கு வந்ததும் சட்டென்று திரும்பி, முகத்துக்கு நேரே வந்து நின்றது. இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? மாலை போட்ட அந்த முகத்துக்குக் கீழேயே ஆனால்? அவர் படம் மறைத்துத்தான் போச்சு என்று ஊர் சொல்லும். சொல்லாவிட்டாலும், அவருக்குத் தெரியும். செத்தவருக்கு என்ன தெரியும். தெரியாது. எனக்குத் தெரியுமே. சிரித்த முகமாக நின்றுகொண்டு, யார் கையோ தோளில் கிடக்க, பின்னால் கண்ணாடி இருட்டில் கிடக்க. மணி பார்த்தாள். எட்டு இருபத்தைந்து. தெருவில் பிள்ளைகள் சத்தம் கூடிவிட்டது. தண்ணீர்ப் பாட்டில்கள் பைகளில் மோதுகிற சத்தம். ஒரு மனுவுக்கு இரண்டரை வருஷம் ஆகும். பஸ்ஸுக்குக் கால் மணி நேரம்.

எழுந்து கொண்டையை முடிந்தாள். எட்டு நாள் உட்கார்ந்ததில் முழங்கால் நெட்டி முறிந்தது. “எங்களா கெளம்பிட்ட?” என்றாள் மதினி. “வளைவுக்கு.” “வளைவுக்கா? உலகு, பதினாறு முடியலளா. படி தாண்டுனா அவன் ஆத்துமா என்ன நெனைக்கும்?” “மதினி, அவுக ஆத்துமா இந்நேரம் வளைவுலதான் நின்னு கைய ஆட்டிக்கிட்டு இருக்கும். நான் போயி என்னன்னு கேட்டுட்டு வாரேன்.” மதினி செருப்பை எடுத்துப்போட்டு, “அப்ப வெறுங்காலோட போவாத, கல்லுக் குத்தும்” என்றாள். வாசல்படியைத் தாண்டினாள். வெயில் முகத்தில் விழுந்தது. கண் கூசியது. எதிர்வீட்டுக்காரி கோலப்பொடி டப்பாவோடு அப்படியே நின்றாள். ஒருத்தர் சைக்கிளை விட்டு இறங்கி, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்தார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் கடந்து ஓடின, அவளை ஒருத்தரும் கவனிக்கவில்லை, அது நிம்மதியாக இருந்தது. நாலு வீடு. வளைவு வந்துவிட்டது. அண்ணாந்தாள். போனில் பார்த்ததைவிட எவ்வளவோ பெரிசு. அவர் நெற்றி மட்டுமே கதவகலம் இருந்தது. காது ஓரத்து மச்சம் ஒரு தட்டளவு இருந்தது, அதை இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று ஒரு வெட்கம் வந்தது. நல்லாத்தான் இருந்தாவ, என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம், அதற்கு மேல் இல்லை, நின்று பார்த்துக்கொண்டாள்.

மைதீன் டீ வடிகட்டியோடு ஓடிவந்தார். “மதினி, நீங்க என்னத்துக்கு வந்தீய? சொல்லி விட்டா நான் வீட்டுக்கு வந்துருப்பேன்லா.” “இத அவுக்கணும் தம்பி.” அவர் முகம் சுருங்கியது. “சின்னதாப் போச்சோ மதினி? நான் அப்பவே சொன்னேன், இருபதுக்குப் பத்து போடுவோம்னு. இந்த சங்கத்துக்காரனுவ கேக்கல.” “போதுமான அளவு பெருசாத்தான் இருக்கு. அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாருங்க.” மைதீன் பேனரைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், கம்பத்தின் உச்சியைப் பார்த்தார். வடிகட்டியிலிருந்து டீ அவர் பாதத்தில் சொட்டியது, அவர் காலை எடுக்கவில்லை. மெதுவாகச் சொன்னார், “மூணு நாளா பஸ் வரும்போதெல்லாம் கடைய விட்டு எந்திரிச்சு வந்து நானே கை காட்டிட்டு இருக்கேன் மதினி. எதுக்குக் காட்டுதேன்னு ஒரு தடவகூட யோசிக்கல.” “இப்பவும் வந்து காட்டியிருப்பீயளா?” “இப்ப எப்படி, பள்ளிக்கூட நாள்ல எட்டரைக்குக் கடையில கூட்டம்லா” என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. பன் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்து, டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரை ஏணி பிடிக்கச் சொல்லி ஏறினார். கயிறு ஒவ்வொன்றாக அறுந்தது. அவர் முகம் ஒரு பக்கமாகச் சரிந்து, மடிந்து, கீழே நின்றவர்கள் அதைத் தரையில் விழாமல் தாங்கிக்கொண்டார்கள். “அண்ணாச்சிய எங்க வைக்க இப்போ? மில் சுவத்துல ஆணியடிச்சு மாட்டிருவமா?” என்று ஒருவர் கேட்டார். “அங்க வைக்க முடியாதுவே, ‘விளம்பரம் செய்யாதீர்’னு அவர்தான மனு போட்டு எழுத வச்சாரு” என்றார் இன்னொருவர். “பஸ் ஸ்டாப்புல?” “அங்கயும் அவர்தான் எழுத வச்சாரு.” எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். “மடிச்சு வீட்டுக்குக் குடுத்து விடுங்க” என்றாள் உலகம்மாள். “அடுப்படி ஓடு ஒழுகுது. ஐப்பசி மழைக்கு முன்ன மேல போட்டுக்கிடுதேன். முகத்த உள்பக்கமா வச்சுப் போட்டா நான் அண்ணாந்து பாத்துக்கிடலாம்.” சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். ஏணிமேல் இருந்த மைதீன்தான் முதலில் சிரித்தார், சிரித்துக்கொண்டே தோள் துண்டால் கண்ணாடியை ஒரு சுற்றுத் துடைத்தார்.

எட்டு நாற்பது பஸ் மதில் தொடக்கத்தில் வந்து, ஆட்களையும் ஏணியையும் பார்த்து மெதுவாகி நின்றது. கண்டக்டர் பின்படியிலிருந்து தலையை நீட்டி, “என்னம்மா, ஏறுதீயளா?” என்றார். உலகம்மாள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக அதன் அடியில் நடந்திருக்கிறாள், ஒரு நாளும் அதற்குள் பார்த்ததில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் முழுசும் அதில் இருந்தது, ரோடு வளைந்து, புளியமரம் குனிந்து, நீலப் பாவாடைப் பிள்ளைகள் மூன்று பேர் தீப்பெட்டி அளவில் ரோட்டின் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் பாட்டில் உருண்டது. அவள் நடுரோட்டில் நின்றாள், திரும்பினாள், குனிந்தாள். உலகம்மாள் கையைத் தூக்கி டிரைவரைப் பார்த்து விரித்துக் காட்டினாள். “ஒரு நிமிசம் இருங்க.” பஸ்ஸுக்குள் யாரோ, என்னவாம் என்று கேட்டார்கள். டிரைவர் எஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி காத்திருந்தார். அந்தப் பிள்ளைக்கு ஒரு அவசரமும் இல்லை. பாட்டிலை எடுத்து, பாவாடையில் துடைத்து, மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு, நிதானமாக நடந்து மறுபக்கம் போய்ச் சேர்ந்தாள். உலகம்மாள் அதன் பிறகும் ஒரு தடவை கண்ணாடியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தாள்.

“இப்ப போங்க” என்றாள். “அங்கிட்டு யாரும் வரல.”